மனைவி காதில் வைத்த சொட்டு

காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுச் சாயம். வைத்துவிட்டு இரண்டு நாள் பொறுத்திருப்பது. வாடிக்கையாளர் முடிக்குச் சாயம் போடும் முன், பார்லர் நடத்தும் உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இதற்குக் கைத்திறமை எதுவும் வேண்டாம். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்கூடச் செய்யலாம்.

ஆனால் போன மாதம் நம் தூத்துக்குடியிலேயே புதிதாகத் திறந்த ஒரு கடையின் பலகையில் படித்தேன்: 'டெஸ்ட் வேண்டாம், காத்திருக்க வேண்டாம், உடனடி கலரிங்.' கண்ணாடிக் கதவு, ஏசி, கால் புதையும் சோபா எல்லாம் இருந்தது. உள்ளே போய் அங்கே நின்ற பெண்ணிடம், "ஏளா, இத யாரு எழுதச் சொன்னா?" என்று கேட்டேன். "கஸ்டமர் அதத்தான ஆன்ட்டி கேக்காவ" என்று சிரித்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று நின்றே காலில் நரம்பெல்லாம் சுருண்டுபோய், பார்லரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, இனி யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தப் பலகை என்னை உட்கார விடவில்லை.

ஆகையால் எழுதுகிறேன். இதமாக எழுத வராது. இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சுருக்கென்று இருந்தால் நல்லது. ஏனென்றால் இந்த விஷயத்தில் நீங்கள் சொல்லும் சாக்குகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். கூட்டமான நேரம். கல்யாண சீசன். பழைய கஸ்டமர். பத்து வருஷமாகப் போடுகிறவர், அவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

ஆகும். பத்து வருஷம் ஒத்துக்கொண்ட உடம்பு பதினோராவது வருஷம் ஒத்துக்கொள்ளாமல் போகும். ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்ட உடம்பு பிறகு மனம் மாறுவதில்லை. அடுத்தமுறை இன்னும் மோசமாகச் சொல்லும். 'அமோனியா இல்லை' என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பதைக் காட்டி வாடிக்கையாளரை ஏமாற்றாதீர்கள், நீங்களும் ஏமாறாதீர்கள். பெரும்பாலும் வம்பு செய்வது அமோனியா அல்ல. முடியைக் கருப்பாக்குகிற பிபிடி என்ற சரக்கு. திருவிழாக் கடைகளில் கையில் வரைந்துவிடும் கருப்பு மருதாணியிலும் அதைத்தான் கலக்கிறார்கள். மருதாணி இலை எந்த ஊரிலும் கருப்பாகச் சிவந்ததில்லை.

சரி, நான் பார்லர் நடத்திய காலத்தில் வந்த மிக்கேல் அண்ணாச்சி என்பவரின் கதைக்கு வருகிறேன்.

அவர் புன்னைக்காயல்காரர். சரக்குக் கப்பலில் போசன், அதாவது கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. வருஷத்தில் முக்கால்வாசி கடலில்தான் இருப்பார். அவர் மனைவி பிலோமி அக்கா எனக்குப் பழைய வாடிக்கை. நல்லது கெட்டது எதுவானாலும் பஸ் ஏறி என் பார்லருக்கு வந்துவிடுவார். கடற்கரைப் பெண்கள் என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார்கள், அவரும் அப்படித்தான்.

மூத்த மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் முடிவானதும் மொத்த அலங்காரத்தையும் என்னிடமே ஒப்படைத்தார். பெண்ணுக்கு, தனக்கு, பிறகு கப்பலில் இருந்து வந்து இறங்கும் புருஷனுக்கு. அவருக்கு வேண்டியது சாயம்.

"தல பூரா வெளுத்துப் போயிருக்கு சிஸ்டர். வீடியோ காலுல தொப்பியப் போட்டுக்கிட்டுத்தான் பேசுதாவ. பொண்ணுக்குத் தாத்தாவான்னு மாப்பிள்ள வீட்டுல கேட்டுரப்படாது" என்றார்.

"போட்டுருவோம் அக்கா. ஆனா வந்து எறங்குன அன்னைக்கே இங்கன கூட்டிட்டு வந்துரணும். காதுல டெஸ்ட் வச்சு ரெண்டு நாள் பாக்கணும்" என்றேன். தலையை ஆட்டினார். நன்றாகத்தான் ஆட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் இரண்டு பேரும் வந்தார்கள். கப்பல் கரை பிடிக்கத் தாமதமாகி, விமானம் மாறி, அன்று காலையில்தான் அவர் ஊர் வந்து சேர்ந்திருந்தார். இன்றைக்கு வந்தவருக்கு டெஸ்ட் எப்போது நடந்தது? என்னிடம் வேலை பார்த்த ஷீபாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"டெஸ்ட்டெல்லாம் முந்தாநாளே, நீங்க வெளிய போயிருந்தப்ப ஆச்சு மேடம். ஒண்ணும் இல்ல, கிளியர்" என்றாள். கிண்ணத்தில் சாயத்தைக் கலக்கவே ஆரம்பித்திருந்தாள்.

நான் அண்ணாச்சியிடம் போனேன். "எந்தக் காதுல வச்சாங்க அண்ணாச்சி?"

அவர் கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். "என்னத்த வச்சாவ?"

பிலோமி அக்கா சிரித்துக்கொண்டே தன் கொண்டையை ஒதுக்கி, தன் காது மடலை முன்னால் மடித்துக் காட்டினார். "இங்கனதான். பாருங்க சிஸ்டர், ஒரு பொட்டு செவப்பு உண்டுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உச்சந்தலை கொதித்தது. புருஷன் தலைக்குப் போடும் சாயத்தைப் பெண்டாட்டி காதில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏலத்தில் மீன் எடுக்கும்போது ஒரு கூடை மீனைப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்கு யாராவது விலை சொல்வார்களா?

"அவிய வரத் தாமசமாவும்னு தெரிஞ்சிச்சு. அதான் எனக்கு வைய்யின்னு இந்தப் பிள்ளட்ட சொன்னேன். கல்யாணம் கெட்டி இத்தன வருசமாச்சு, ஒரே சோறு, ஒரே சோப்பு. எனக்கு ஒத்துக்கிட்டா அவியளுக்கு ஒத்துக்காதா?"

"வருசத்துல முக்காவாசி அவிய கடல்ல கெடக்காவ அக்கா. எந்தச் சோப்பு, எந்தச் சோறு?" என்று கத்திவிட்டேன். நாற்காலியில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஷீபாவைக் கேட்டேன். அவள் ஒன்றும் தெரியாதவள் அல்ல. முறையாகப் படித்தவள், எனக்கு அடுத்தபடியாகக் கடையைப் பார்த்துக்கொண்டவள். "கல்யாண வீட்டுக்காரங்க, வயசுல மூத்தவங்க. வேண்டாம்னு சொன்னா மனசு சங்கடப்படுவாவன்னு..." என்று இழுத்தாள்.

இதுதான். எனக்கு இரத்தக் கொதிப்பு வருவது இந்த இடத்தில்தான். நம் தொழிலில் அறியாமையால் நடக்கும் தப்பைவிட மரியாதையால் நடக்கும் தப்பு அதிகம். மூத்தவர் சொன்னார், கல்யாண வீடு, நல்ல காரியம், முகம் வாடக் கூடாது. அந்த அக்காவின் முகம் வாடக் கூடாது என்று பார்த்தாளே, அந்த அண்ணாச்சியின் முகம் என்ன ஆகும் என்று பார்த்தாளா? ஷீபா அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. இன்று அவள் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். இதை எழுதப் போகிறேன் என்றதும், "நான் செஞ்சத மறைக்காம எழுதுங்க மேடம். என் கடைப் பிள்ளைகளும் படிக்கட்டும்" என்றாள். நன்றாக இருக்கட்டும்.

அண்ணாச்சி நாற்காலியைவிட்டு எழவில்லை. "சிஸ்டர், பொம்பளைய சும்மா பயப்படுவாவ. எனக்கு ஒண்ணுமில்ல. கப்பல்ல நானே எனக்குப் போட்டுக்கிடுதவன். பத்து வருசமாப் போடுதேன். தலை நரைச்சுப் போச்சுன்னா கப்பலுக்கு ஆளெடுக்குத ஏஜெண்டு மொகங்குடுத்துப் பேச மாட்டான். அதனால மாசம் தவறாது" என்றார்.

"அரிப்பு, தடிப்பு எதாவது..."

"ஒண்ணுமில்ல."

நான் கேள்வியை முடிக்கவே இல்லை. அதற்குள் பதில் வந்துவிட்டது. அது எனக்கு இடித்தது. வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன்.

"காய்ச்சல் வந்து படுத்திருக்கீயளா?"

"இல்ல."

"பல்லு வலி?"

"கிடையாது."

"தலவலியாவது வந்திருக்கா அண்ணாச்சி, உங்க வாழ்நாள்ல?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். நல்லாருக்கேன்."

ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெயிலிலும் உப்புக்காற்றிலும் இரும்போடு இரும்பாக உழைத்தவர். தலைவலியே வந்ததில்லையாம். எனக்கு அப்போது விளங்கியது. அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. கப்பல் ஏறும் முன் ஒவ்வொரு தடவையும் எடுக்கிற மெடிக்கலில் டாக்டருக்குச் சொல்லும் பதிலை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு 'ஆமாம்' சொன்னால் அடுத்த ஒப்பந்தம் போய்விடுமோ, வீட்டில் உலை வைக்க முடியாதோ என்ற பயம். காலமெல்லாம் அதற்குப் பழகிய வாய், உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் 'ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்லும். இந்தக் கடற்கரையில் அப்படிப்பட்ட ஆண்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். இனி உங்கள் நாற்காலியில் வந்து உட்காரப் போகிறவர்களும் அவர்கள்தான்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்த அம்மா ஒருவர் இருந்தார். யாரிடமும் சிரித்துப் பேசாதவர், வாடிக்கையாளர்களைத் திட்டியே அனுப்புவார், அப்படியும் கூட்டம் குறையவில்லை. அவர் எவரிடமும் 'அலர்ஜி உண்டா' என்று கேட்டதில்லை. 'கடைசியா எப்ப போட்ட? அதுக்கப்புறம் ஏன் போடல?' என்றுதான் கேட்பார், அதுவும் சீப்பால் முடியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே.

நானும் சீப்பை எடுத்தேன். அண்ணாச்சியின் பின்தலை முடியைப் பிரித்தேன். வேரிலிருந்து நெடுக வெள்ளை. நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது கருப்பு. மாசம் தவறாமல் போடுகிறவர் தலை இப்படி இருக்காது. பல மாதங்களுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி நிறுத்துனீய?"

"மறந்துட்டேன்."

"மகளுக்குக் கல்யாணம் பேசுற நேரத்துலயா?"

"வேலை சாஸ்தி." அதற்குப் பிறகு அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கருப்பு நுனிகளை வெட்டி, ஒட்டக் கத்தரித்து, தாடியைத் திருத்தி, வெள்ளை முடியிலேயே கம்பீரமாக அனுப்புகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அழகான தலை அது.

"எனக்குக் கம்பீரம் வேண்டாம். எம்மவளுக்குத் தகப்பனா நிக்கணும். ஒன்பது மாசம் தண்ணியில கெடந்து வந்தவன் இதக்கூடக் கேக்கக் கூடாதா?" என்று எழுந்து துண்டை உதறினார். பிலோமி அக்காவின் கண் கலங்கிவிட்டது. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இப்பிடிச் சொல்லிட்டீயளே சிஸ்டர்" என்றார். வேறு எங்கும் போய்ப் போட்டுவிடாதீர்கள் என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னேன். பிறகு போனிலும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

நான்கு கடை தள்ளி ஒருவர் சலூன் வைத்திருந்தார். நேராக அங்கே போயிருக்கிறார்கள். சுடச்சுட டீ வாங்கிக் கொடுத்து, 'ஹெர்பல்' என்று சொல்லி, தலைக்கும் மீசைக்கும் சேர்த்து அடித்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் விடியும்போதே பெண்ணை அலங்கரிக்க நான் புன்னைக்காயலுக்குப் போய்விட்டேன். வாசலில் பேண்டு செட்டுக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், பின்னால் பிரியாணி அண்டா ஏறியிருந்தது. ஜெசிந்தாவை உட்காரவைத்து ஒரு கண்ணுக்கு மை முடித்து அடுத்த கண்ணுக்குப் போகும்போது பிலோமி அக்கா வந்து என் கையைத் தொட்டார். வெளியே கூப்பிட்டு, காதோடு சொன்னார்.

"அவியளுக்கு மொகத்துல லேசா வீக்கம். பெயிண்டு மாதிரி என்னமோ அடிப்பீயள்ளா, அத அடிச்சு மறச்சு விடுங்க சிஸ்டர். போட்டோவுல தெரியாம."

குசினியை, அதாவது அடுக்களையை ஒட்டிய அறையில் ஈரத் துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி. துண்டை எடுத்தேன். நெற்றியும் இமைகளும் உப்பிப்போய், கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுதான் இருந்தது. காதோரம் நீர் கசிந்தது. சாயம் போட்ட மீசைக்குக் கீழே உதடு தடித்துத் தொங்கியது. முடி மட்டும் நல்ல கருப்பு. கொஞ்சமும் குறை சொல்ல முடியாத கருப்பு.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

வார்த்தை பழைய வார்த்தைதான். குரல் வேறு. நேற்று என் கடையில் கணீரென்று பேசியவர் இன்று கொதிக்கிற கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் மாதிரிப் பேசினார். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். தோல் வீங்கினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். குரல் மாறினால் அனுப்பினால் போதாது, நீங்களே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீக்கம் தொண்டைக்கு இறங்குகிறது என்று அர்த்தம்.

"வண்டிய எடுங்க" என்றேன்.

அறை நிறைய உறவுக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் வேப்பிலை அரைத்துப் பூசலாம் என்றார். பெண்ணின் மாமா ஒருவர், வேட்டி சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டு, "சர்ச்சு சாமியார் டயத்துக்கு வந்துருவாரு. பூச முடியட்டும். கையப் புடிச்சுக் குடுத்துட்டு நேரா ஆசுத்திரிக்குப் போயிரலாம்" என்றார். அண்ணாச்சியும் அதற்குத் தலையாட்டினார்.

"பூச முடியுமுன்ன இவிய முடிஞ்சிருவாவ. அப்புறம் அதே கோயில்ல அதே சாமியார வச்சு இன்னொரு பூச வைக்கணும். அதுக்கும் நீங்களே டயம் குறிச்சுட்டு வாங்க" என்றேன். கல்யாண வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை. ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். சொன்னதற்காக நான் வருந்தவில்லை. இதமாகச் சொல்லியிருந்தால் இன்னும் பேசிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

ஜெசிந்தா எழுந்து வந்திருந்தாள். ஒரு கண்ணில் மை, ஒரு கண் வெறுமை. அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப நின்ற காரின் சாவியை மாமா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு டிரைவரைக் கூப்பிட்டாள். அண்ணாச்சியையும் பிலோமி அக்காவையும் ஏற்றி, நானும் ஏறினேன். தூத்துக்குடியில் தங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் போகலாம் என்றார் பிலோமி அக்கா. வழியில் முதலில் எந்த ஆஸ்பத்திரி வருகிறதோ அங்கே நிறுத்து என்று டிரைவரிடம் சொன்னேன். தெரிந்த டாக்டர், கைராசி டாக்டர் எல்லாம் சளி இருமலுக்கு. மூச்சுக்குப் பக்கத்து வாசல்தான்.

அங்கே இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. மணப்பெண் கோலத்தையும் என்னையும் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அண்ணாச்சியைத்தான் பார்த்தார். ஆக்சிஜன் வைத்தார், ஊசி போட்டார். போட்டுக்கொண்டே, "இதுக்கு முன்னால இப்படி வந்திருக்கா? தலைக்குச் சாயம் போட்டு?" என்று கேட்டார்.

அந்த நிலைமையிலும், கண் திறக்க முடியாத அந்த முகத்திலிருந்து வந்தது: "இல்ல. ஒண்ணுமில்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா கட்டிலின் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். "யப்பா. இது மெடிக்கல் இல்ல. இங்க யாரும் ஒங்கள கப்பல்ல இருந்து எறக்க மாட்டாவ. எனக்காவச் சொல்லுங்க."

அவர் கையை நீட்டி மகளின் கையைப் பிடித்தார். பிறகு சொன்னார். கப்பலில், ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கின பாக்கெட்டைப் போட்ட மறுநாள், காதும் நெற்றியும் தடித்து வீங்கிவிட்டதாம். பூச்சி கடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு வாரம் வேலை பார்த்திருக்கிறார். கேப்டனிடம் போனால் எழுதி வைப்பார், எழுதி வைத்தால் அடுத்தமுறை எடுக்க மாட்டார்கள், எடுக்காவிட்டால் மகள் கல்யாணம் நிற்கும். அதனால் சொல்லவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பிலோமி அக்கா சுவரில் சாய்ந்து, தன் காதையே பொத்திக்கொண்டு நின்றார்.

"பூசை முடிச்சுட்டு வந்திருந்தா எங்கிட்டக் கொண்டுவந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார் டாக்டரம்மா. அதை மாமாவின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் திருப்தியாக இருந்திருக்கும். மாமா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

பூசை சாயங்காலத்துக்கு மாறியது. வெந்த பிரியாணி காத்திருக்காது என்பதால் தாலி கட்டும் முன்பே ஊரே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு முடித்தது. டாக்டரம்மா அரைமனதோடு இரண்டு மணி நேரம் வெளியே விட்டார், கூடவே ஒரு நர்ஸையும் அனுப்பினார். அண்ணாச்சி கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகளோடு கோயிலுக்குள் நடந்தார். பார்த்தவர்களுக்கு அப்பா மகளைக் கூட்டிப் போகிற மாதிரித் தெரிந்திருக்கும். அவருக்குப் பாதை தெரியவில்லை. அவள்தான் அவரைக் கூட்டிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து நான்கு கடை தள்ளியிருந்த அந்தச் சலூன்காரரிடம் போனேன். சாவகாசமாகச் சொன்னார்: "அவரே ஒண்ணுமில்லன்னு சொன்னாரு மேடம். நான் கேட்டுட்டுத்தான் போட்டேன். அதுவும் ஹெர்பல்." அந்த ஹெர்பல் பாக்கெட்டைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், பொடி எழுத்தில், பிபிடி என்ற அந்தச் சரக்கின் பேரும் இருந்தது, முதலில் தோலில் வைத்துப் பார்க்கவும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. படித்துக் காட்டினேன். "எல்லாத்துலயும் இப்பிடித்தான் போட்டிருப்பான்" என்றார். எல்லாவற்றிலும் போட்டிருக்கிறார்கள் என்றால் எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டும் என்றுதானே ஐயா அர்த்தம்? இன்று அவர் பயிற்சி வகுப்பு நடத்துகிறார், சுவரில் சான்றிதழ் மாட்டித் தருகிறார். உங்களில் பல பேர் அவரிடம் படித்துவிட்டு வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

கதை அதோடு முடியவில்லை. சில மாதம் கழித்து அண்ணாச்சி என் கடைக்கு வந்தார். சாயம் போட்ட முடியெல்லாம் வெட்டி, ஒட்டக் கத்தரித்த வெள்ளைத் தலை. நான் அன்று செய்து தருகிறேன் என்று சொன்ன அதே தலை. வேறு யாரோ சுமாராகச் செய்திருந்தார்கள். பிலோமி அக்கா ஒரு பொட்டலம் மக்ரூன் பலகாரத்தை மேசையில் வைத்தார்.

"மறுபடி கப்பலுக்குப் போறேன் சிஸ்டர். மெடிக்கல் முடிஞ்சிட்டு" என்றார் அண்ணாச்சி.

"சொன்னீயளா?"

"சொன்னேன். எதாவது ஒத்துக்காதான்னு கேட்டாரு. உண்டு, முடிச்சாயம் ஒத்துக்காது, போட்டா மூச்சு அடைக்குன்னு சொன்னேன். சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டேன், போச்சுடான்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"நிமிந்துகூடப் பாக்கல. எழுதிக்கிட்டாரு. 'சரி, போடாதீங்க, சட்டைய மாட்டிக்கிடுங்க'ன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." மேசையில் கையை ஓங்கி அடித்தார். மக்ரூன் பொட்டலம் குதித்தது. "இந்த ஒத்த வார்த்தையச் சொல்லப் பயந்து எம்மவ கல்யாணத்தன்னைக்குச் சாவப் பாத்தேன் சிஸ்டர். யாரு மேல கோவப்படணும்னே எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் சோறு போகும் என்று பயந்தவர் அவர். பிலோமி அக்கா மேலும் இல்லை. புருஷனுக்காகத் தன் உடம்பைக் கொடுக்கலாம் என்று நம்பிய மனுஷி அவர். கோபம் நம் மேல்தான். கேள்வி கேட்டுவிட்டோம், பதில் வந்துவிட்டது, நம் பொறுப்பு தீர்ந்தது என்று பிரஷை எடுக்கிறோமே, அந்தச் சோம்பேறித்தனத்தின் மேல். வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும். தோலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒருமுறை தடித்தது என்று தெரிந்தவருக்கு அந்தச் சொட்டைக்கூட வைக்காதீர்கள், வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். மற்ற எவராக இருந்தாலும், யார் தலைக்குச் சாயமோ அவர் காதை மடித்து அங்கே வையுங்கள். அம்மா காது, அக்கா காது, பெண்டாட்டி காது வேண்டாம். இரண்டு நாள் பொறுக்க முடியாது என்று எழுந்து போகிறவரைப் போக விடுங்கள். போன பிறகும் விடாமல் போன் பண்ணுங்கள்.

'டெஸ்ட் வேண்டாம்' பலகை மாட்டிய அந்தக் கடைப் பெண்ணுக்கும் இதன் ஒரு பிரதியைக் கொடுக்கப் போகிறேன். படிக்க ஒரு வாரம் அவகாசம் தருவேன். அதற்கு மேலும் பலகை அங்கேயே இருந்தால் நான் வந்து கழற்றுவேன். சுருண்ட நரம்பு ஸ்டூல் ஏற விடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏறுவேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளத் தானே வருவதாக ஷீபா சொல்லிவிட்டாள்.